வாசுகியின் மொன் அமி

சுவரில் புதைந்திருந்த பீரங்கிக் குண்டை அந்த ஆள் மூன்றாவது முறையாகக் கைநீட்டிக் காட்டினான். தெய்வநாயகமும் மூன்றாவது முறையாக அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. மூக்குக்கண்ணாடியில் தூறல் படிந்து, குண்டு எது, சுவரின் கல்பூ எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தது. பார்த்தாயிற்று, ஐயா, பார்த்தாயிற்று. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆஸ்திரியாக்காரன் சுட்டான், சுவரில் மாட்டிக்கொண்டது, நீங்களும் எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம், இனி எங்கேயாவது உட்காரலாமா? அதைத்தான் கேட்க நினைத்தார். ஆனால் பிரெஞ்சில் கேட்க வேண்டும். 'உட்கார முடியுமா' என்று கேட்டால் மொட்டையாக இருக்கும், 'உட்கார முடியுமானால் நன்றாக இருக்கும்' என்று தணிந்த வினையைப் போட்டால்தான் மரியாதை. அந்த வினையின் விகுதியை மனசுக்குள் சரிபார்த்து வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவன் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டான். நீளக் காலன். நாற்பத்தெட்டு வயசு இருக்கும். லீல் நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறவன், இன்றைக்கு விடுப்பு. விடுப்பு நாளில் வீட்டில் படுக்காமல், புதுச்சேரியிலிருந்து வந்த அறுபத்தேழு வயசுக்காரரை ஈரக் கருங்கல் தெருக்களில் இழுத்துக்கொண்டு அலைகிறான். நேரு வீதியில் வாங்கின ஷூ நனைந்து சாக்ஸ் சொதசொத என்றிருந்தது. வலது முழங்கால் இப்போதைக்குப் பேசாமல் இருக்கிறது, படிக்கட்டு ஒன்று வந்தால் வாயைத் திறக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிறது, அதை ஓட்டுகிறவன் இவனைப் பார்த்துக் கையைத் தூக்குகிறான், இவனும் தூக்குகிறான், பிறகு அந்த டிரைவர் தெய்வநாயகத்தையும் பார்த்துச் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான், அவனுக்கு என்ன தெரியும், ஊரில் உள்ள டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும்தான் தெரியாதா என்று நினைத்தபோதே, தெரியாமல் என்ன, தெரியும் என்று மனசு குறுக்கே பேசியது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் ரயில் நிலையத்தில் வாசுகி இவனைக் காட்டிச் சொன்னாள். அப்பா, இவர் திதியே என்று தமிழில் தொடங்கி, அவனுக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சுக்கு மாறி, 'மொன் அமி' என்று முடித்தாள். என் நண்பர். 'அன் அமி' என்று சொல்லியிருக்கலாம், ஒரு நண்பர், அதோடு போயிற்று. ஒரு பெண் ஒரு ஆணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வேறு ஒன்றும் சேர்க்காமல், என் நண்பர் என்று சொன்னால் இந்த நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவரே கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம் அது. ஒருவேளை இவள் கவனமில்லாமல் சொல்லியிருப்பாளோ, இவளுடைய பிரெஞ்சு எப்போதுமே ஓட்டைதானே, ஆண்பால் பெண்பால் எல்லாம் கை போன போக்கில் விழுமே என்று அன்றைக்கு ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்த பார்வை கவனமில்லாதவளின் பார்வை அல்ல. சரி, கேட்டுவிட வேண்டியதுதானே. கேட்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று இருந்தார். அவள் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் எனக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி, நாலு மணிக்கு வந்துடுவேன், அதுவரைக்கும் திதியே ஊர் சுத்திக் காட்டுவார்ப்பா என்று இவன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒப்படைக்க நான் என்ன பார்சலா? அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதற்காக அல்லவா அவர் விசா வாங்கி வந்தார். மாடிப் போர்ஷனுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கோரிமேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. இளமாறன் போய் ஐந்து வருஷம். முப்பத்தொன்பது வயசில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மருமகன் எழவே இல்லை. கொரோனா, விமானம் கிடையாது, அடக்கத்தை அவரும் மனைவி வேதவல்லியும் கைப்பேசியை அரிசி டப்பா மேல் சாய்த்துவைத்துப் பார்த்தார்கள். அந்தச் சின்னத் திரையில் கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு பேருக்கு நடுவில் வாசுகி நின்றது, அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்து போனது, ஹலோ ஹலோ என்று இவர் கத்தினது. அந்தப் பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்பதைத் தவிர இந்த ஐந்து வருஷத்தில் அவர் வேறு எதையும் நினைத்ததில்லை. இப்போது பார்த்தால் தனியாக இல்லையாம். மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போது வேதவல்லி, அங்க போய் அவசரப்பட்டு எதையும் பேசிடாதீங்க என்றாள். எதைப் பேச? எதைப் பேசிவிடக் கூடாது? அப்போது அது காதில் விழுந்தது, உறைக்கவில்லை. இப்போது இந்தத் தூறலில், ஆஸ்திரியாக்காரன் குண்டுக்குக் கீழே நின்றுகொண்டு யோசித்தால், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் திரும்பி வந்து, பழைய வணிகக் கூடம் என்று ஒரு முற்றத்துக்குள் அழைத்துப்போனான். நாலு பக்கமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் பழைய புத்தகக் கடைகள், ஓர் ஓரத்தில் மேஜை போட்டுக் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆள். சுவரெல்லாம் செங்கலும் வெண்கல்லும், சிங்கத் தலைகள், கல்லில் செதுக்கின பழக்கொத்துகள், பார்த்தால் கல்யாண வீட்டு வாசலில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டித் தொங்கவிட்டது போல ஒரு நெரிசல். இது பிரெஞ்சு இல்லை, மிஸ்யே, பெல்ஜியப் பக்கத்து ஃப்ளெமிஷ், இதைக் கட்டும்போது இந்த ஊர் பிரான்சிலேயே இல்லை என்றான் அவன். காலையிலிருந்து இதே பல்லவி. கூரையின் முகப்பு படிக்கட்டு மாதிரி ஏறினால் ஃப்ளெமிஷ், மாட்டிறைச்சியைப் பீரில் வேகவைத்தால் ஃப்ளெமிஷ், இவனுடைய குடும்பப் பெயரே ஃப்ளெமிஷ். அதை அவர் பிரெஞ்சு முறைப்படி வாந்தெவால் என்று சொன்னபோது, ஃபான் டெ வாலெ என்று பொறுமையாகத் திருத்தினான். அவரைத் திருத்தினான். மதியம் சாப்பிட்ட இடத்தில் அந்தப் பரிமாறுகிற பெண், அவர் அழகாகக் கட்டிக் கேட்ட வாக்கியத்துக்கு இங்கிலீஷில் பதில் சொன்னாள். இலக்கணம் பிசகாத பிரெஞ்சு, ஐயா, ஒரு புள்ளி பிசகாத பிரெஞ்சு, அதற்கு இங்கிலீஷில் பதில். அதே பெண் வாசுகியின் ஓட்டைப் பிரெஞ்சை நேற்று கலகலவென்று சிரித்துக்கொண்டே புரிந்துகொண்டாள். மாட்டிறைச்சி இல்லாத பதார்த்தம் எது என்று இவன்தான் சமையலறை வரை போய்க் கேட்டு, வெங்காயத்தாள் மாதிரி ஏதோ ஒன்றை வைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அது நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததும் எரிச்சலாகத்தான் இருந்தது. தரையில் தண்ணீர் சிந்தியபோது அந்தப் பெண்ணைப் பார்த்து இவன் 'வசாங்' என்றான், அவள் தரை துடைக்கிற துணியோடு வந்தாள். அது என்ன சொல் என்று கேட்டார். தரைத்துணிதான், இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், அதுவும் ஃப்ளெமிஷிலிருந்து வந்தது என்றான். முப்பத்து நான்கு வருஷம். எத்தனை பிள்ளைகளுக்கு 'லா சேர்ப்பியேர்' என்று எழுதிப் போட்டிருப்பார், தரைத்துணி, பெண்பால், எழுத்துப்பிழை இருந்தால் அரை மதிப்பெண் குறைப்பு. இங்கே வந்து பார்த்தால் அந்தத் துணிக்குப் பெயர் வேறு. அப்படியானால் அந்த அரை மதிப்பெண்களை எல்லாம் நான் எதற்குக் குறைத்தேன் என்று ஒரு கணம் திகைத்தார். அப்புறம் அந்தத் திகைப்பின் மேலேயே கோபம் வந்தது. அது வட்டார வழக்கு. வட்டார வழக்கெல்லாம் பாடத்தில் வராது.

படிக்கட்டு இல்லை, உட்கார இடம் இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அவன் கடைசியாகக் கூட்டிப்போன இடம் ஒரு பழைய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீமாட்டி ஏழைகளுக்காகத் தொடங்கியது, இப்போது அருங்காட்சியகம். சமையலறைச் சுவர் முழுக்க நீலப் படம் போட்ட சின்னச் சின்ன ஓடுகள். அதைத் தாண்டினால் நோயாளிக் கூடம். கட்டில்கள் ஒன்றும் இல்லை. நீளமான வெறுமை, மேலே கவிழ்த்துப் போட்ட தோணியின் வயிறு மாதிரி மரக் கூரை. ஓரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. தெய்வநாயகம் உட்கார்ந்தார். முழங்கால் அப்பாடா என்றது. அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான், காலையிலிருந்து முதல்முறையாக எதையும் காட்டாமல். அந்த அமைதி அவருக்குப் பிடித்தது, பிடிக்கிறதே என்று சங்கடப்படுவதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். வார்த்தைகளின் வாலை விழுங்கிவிடுகிற பேச்சு, அவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவனுடைய அப்பா காசெல் மலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரராம். வீட்டில் ஃப்ளெமிஷ்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் அது வாயில் வந்தால் மாலையில் எல்லாரும் போன பிறகு கக்கூஸ் கழுவ வேண்டுமாம். ஆறு வயசில் ஆரம்பித்துப் பல நாள் கழுவியிருக்கிறார். அதனால் தன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தைகூட அந்தப் பாஷையில் பேசியதில்லை. திதியேவுக்குத் தன் குடும்பப் பெயரை உச்சரிப்பதைத் தவிர ஃப்ளெமிஷில் ஒன்றும் தெரியாது. காலையிலிருந்து ஃப்ளெமிஷ் ஃப்ளெமிஷ் என்று உயிரை எடுத்தவனுக்கு ஒன்றும் தெரியாதாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. பிழைத்தார், ஆனால் கண் விழித்தபோது பிரெஞ்சு போய்விட்டிருந்தது. எழுபது வருஷம் பேசின பாஷை துடைத்துவிட்டாற்போலப் போய், அடியில் கிடந்தது மேலே வந்துவிட்டது. ஏழு வாரம், கண்ணை மூடும்வரை, அவர் ஓயாமல் பேசினார். மகன் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை புரியாமல் தலையாட்டினான். தண்ணீர் கேட்கிறாரா, திட்டுகிறாரா, எதையாவது சொல்லிவிட்டுப் போகப் பார்க்கிறாரா. ஒன்றும் தெரியவில்லை. அந்த வார்டில்தான் வாசுகி நர்ஸ்.

அவள் அவரிடம் உங்கள் பாஷையில் பேசுவாள் என்றான் திதியே. தெய்வநாயகம் தமிழா என்று கேட்டார். ஆமாம், தமிழ். ஏன் என்று நான் அவளைக் கேட்டேன். என் பிரெஞ்சு அவருக்குப் புரியப் போவதில்லை, அவர் பாஷை எனக்குப் புரியப் போவதில்லை, அப்புறம் எதற்கு இரண்டு பேரும் கஷ்டப்பட வேண்டும் என்றாள். அவர் பாட்டுக்குப் பேசுவார், அவள் பாட்டுக்குப் பேசுவாள். அவள் வந்தால் கையை இழுத்துக்கொள்ளாமல் ஊசிக்குக் கொடுப்பார். தினமும் ஒன்று சொல்வாள், ஒரே வார்த்தை, நெற்றியைத் தடவிக்கொண்டு. அது எனக்கு மனப்பாடம், ஆனால் அர்த்தம் கேட்டதில்லை. சொல்லட்டுமா? சொன்னான். சொன்னது எந்தப் பாஷை என்றே முதலில் விளங்கவில்லை. ஒனு, மிலா, பா. தெய்வநாயகம் மறுபடி சொல்லச் சொன்னார். ஒனுமிலப்பா. மூன்றாவது முறை சொன்னபோது பிடிபட்டது. ஒண்ணுமில்லப்பா. காய்ச்சல்காரனை, கெட்ட சொப்பனம் கண்டவனை, விழுந்து எழுந்த குழந்தையைத் தடவிக்கொடுத்துச் சொல்வது. ஒன்றுமில்லை, பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வீர்களே, அதுதான் என்று பிரெஞ்சில் விளக்கினார். அவன் நன்றி சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி அசையை அவர் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் 'பா' உன் அப்பனை அவள் கூப்பிட்டது என்று சொல்லவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை அவர் வாசுகி வாயால் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார், அதே குரலில், ஆனால் அது கதவைச் சாத்துகிற சத்தமாக இருந்தது. என்னம்மா யோசனை? ஒண்ணுமில்லப்பா. என்ன முகம் வாடியிருக்கு? ஒண்ணுமில்லப்பா. எப்போதிலிருந்து? ஒன்பது வயசிலிருந்து. சாப்பாட்டு மேஜையில் பிரெஞ்சுதான் பேச வேண்டும் என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ரசம் வேண்டுமானாலும் பிரெஞ்சில் கேட்க வேண்டும், ரசத்துக்குப் பிரெஞ்சில் வார்த்தை இல்லை என்பது வேறு விஷயம். அவர் யாரையும் கக்கூஸ் கழுவச் சொன்னதில்லை, அடித்ததில்லை. அதை இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுத்திச் சொல்லிக்கொண்டார், அடித்ததில்லை. ஆனால் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பாவாடை நனைந்து, பையைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அப்பா, இன்னைக்கு ஸ்கூல்ல என்று ஆரம்பித்தாள். அவர் விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல், பிரெஞ்சில் சொல்லு என்றார். அவள் நின்றாள். உதடு அசைந்தது. தேடினாள். கிடைக்கவில்லை. ஒண்ணுமில்லப்பா என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன நடந்தது, ஏன் பாவாடை நனைந்திருந்தது, அவருக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கே நினைவிருக்காது. இருக்காதா?

நாலு மணிக்கு அவள் வந்திறங்கும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். மணி நாலேகால். தூறல் வலுத்து மழையாகிவிட்டிருந்தது, அதற்கும் இங்கே ஒரு தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள், அவன் சொன்னான், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நிழற்குடைக்குள் நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒன்பது பேர். ஒருத்தியுடைய நாயின் ஈர முதுகு அவர் கால்சட்டையில் உரசியது. அவன் தன் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தன் தோள் நனைய, எதிரே தெரிகிற மணிக்கூண்டைப் பற்றி ஏதோ தொடங்கினான். அப்போதுதான் அவருக்குப் பொறுமை அறுந்தது. வாக்கியத்தைக் கட்டவில்லை, வினையைத் தணிக்கவில்லை, எது வாயில் வந்ததோ அது வந்தது.

"உனக்கு என்னதான் வேணும்? காலையிலேர்ந்து கல்லையும் சுவரையும் காட்டிக்கிட்டிருக்கே. என்னதான் வேணும் உனக்கு?"

பிரெஞ்சில் அதைச் சொல்லிவிட்டு அவரே அதிர்ந்தார். மரியாதைப் பன்மை போய் ஒருமையில் விழுந்திருந்தது. நிழற்குடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் பேசின பிரெஞ்சிலேயே இதுதான் எல்லாருக்கும் உடனே புரிந்தது.

திதியே முகம் சிவந்தான். எனக்கு ஒன்றும் வேண்டாம், மிஸ்யே, நான் எதையும் கேட்கக் கூடாது என்று வாசுகி சொல்லியிருக்கிறாள், அவளே சொல்வாளாம், மூன்று நாளாகப் பார்க்கிறாள் என்றான். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவன் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்.

"நீங்கள் திருத்துவீர்களாம்."

என்ன அபத்தம் என்று சொல்ல வாயைத் திறந்தார். திருத்துவதாவது. மகள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது யாராவது இலக்கணம் பார்ப்பார்களா? அதற்குள் நேற்றுக் காலை கண்ணில் வந்து நின்றது. இவனும் மேஜையில் இருந்தான், அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, இவனுக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சில், அப்பா ஒரு பிரச்சினை இல்லை, ஆனால் என்று எதையோ ஆரம்பித்தாள். பிரச்சினை என்ற சொல்லைப் பெண்பாலில் போட்டாள். அது ஆண்பால், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்றார் அவர். அவள் ஆமாம்ப்பா, ஆண்பால் என்றாள். அப்புறம் வெண்ணெயைத் தடவி முடித்தாள். அவ்வளவுதான். அந்த 'ஆனால்' அங்கேயே கிடந்தது, எடுத்துக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் சரியாக ஒப்புக்கொண்டாள் என்ற திருப்தியில் காப்பி குடித்தார்.

பஸ் வந்தது. டிரைவர் கையைத் தூக்கினான், திதியே தூக்கவில்லை. வாசுகி இறங்கினாள். வேலைக் களைப்பில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முப்பத்தெட்டு வயசு, முன்நெற்றியில் நரை ஓடியிருக்கிறது, இதைக் கைப்பேசித் திரை ஒருபோதும் காட்டவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மழையில் அப்படியே நின்றாள். எங்காவது உள்ளே போய்ப் பேசலாம் என்று திதியே சொன்னான். அவள் அசையவில்லை. இப்போது விட்டால் பிறகு வராது என்பதுபோல ஒரு மூச்சு எடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதானோ என்னவோ, பிரெஞ்சில் சொன்னாள். ஏழெட்டு வார்த்தை. அப்பா, நான் திதியேவைக் கல்யாணம் பண்ணப் போகிறேன். அதில் ஒரு சின்னச் சொல் விட்டுப்போயிருந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால் பிரெஞ்சில் அது தான் பண்ணிக்கொள்கிற கல்யாணம் அல்ல, யாருக்கோ பண்ணிவைக்கிற கல்யாணம். தெய்வநாயகத்துக்கு அது கேட்டது. முப்பத்து நான்கு வருஷக் காது, கேட்காமல் இருக்குமா. நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்து, அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை மாதிரி இமைகளைச் சற்றே இறுக்கினாள்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று தமிழில் கேட்டார். தெரியும்ப்பா என்றாள். எப்போதிலிருந்து? போன தீபாவளியிலேர்ந்து. ஆறு மாசம். ஆறு மாசமாக அந்த வீட்டில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது கலர்கூடச் சொல்லிக்கொண்டு, ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. அவளை ஊருக்குப் போய்க் கவனித்துக்கொள்ளலாம். இல்லை, அவளும் என்ன செய்வாள்.

"சரி" என்றார்.

வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். திதியே குடையை அவள் மேல் பிடிப்பதா அவர் மேல் பிடிப்பதா என்று தெரியாமல் நடுவில் பிடித்து மூன்று பேரையும் நனைத்தான். அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டான். அவளால் பேச முடியவில்லை. அவன் அவரைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஏழு வாரம் இப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று தெய்வநாயகம் பிரெஞ்சில் தேடினார். சம்மதம் என்றால் அது கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது. நல்லது என்றால் அவ்வளவு நல்லதாக அவருக்கு இன்னும் படவில்லை. ஆகட்டும் என்றால் வேண்டாவெறுப்பு. புரிந்தது என்றால் புரியவில்லை. முழங்கால் வலி, ஈர சாக்ஸ், வெள்ளையடித்த மாடி, கோபம் இன்னும் பாதி மிச்சம், அதோடு கூட இவ்வளவும் ஒரே வார்த்தையில் அடங்க வேண்டும். அப்படி ஒரு சொல் அந்தப் பாஷையில் இல்லை.

"சரி" என்று மறுபடியும் அவனைப் பார்த்தே சொன்னார்.

"ஸஹி" என்றான் திதியே. ரகரம் தொண்டையின் அடியிலிருந்து காறிக்கொண்டு வந்தது.

"அப்படியில்லை" என்று பிரெஞ்சில் சொல்லி, தெய்வநாயகம் தன் வாயைத் திறந்து, நாக்கின் நுனி எங்கே படுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். "இங்கே. ச, ரி. எங்கே, இன்னொரு தடவை சொல்லு."